தலைச்சாயமும் தோலின் நினைவும்

பெட்டிக் கடையில் சரமாகத் தொங்கும் தலைச்சாயப் பொட்டலம் ஒன்றை நீங்கள் வாங்கியிருக்கலாம். அல்லது வீட்டில் பெரியவர்கள் வாங்கிவரக் கண்டிருக்கலாம். பொட்டலத்தின் முன்பக்கத்தில் கருங்கூந்தலுடன் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அடுத்த முறை அதைக் கையில் எடுக்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டிய பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். சிலருடைய தோலுக்கு எரிச்சல் தரக்கூடிய பொருள்கள் இதில் உள்ளன. முன்னதாகச் சோதித்துப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். கண்ணிமை மயிருக்கும் புருவத்துக்கும் இதைப் பூசக் கூடாது, பூசினால் பார்வை போய்விடக் கூடும் என்பது அதன் சாரம்.

தலைக்குப் பூசும் சாயத்தில் கண் பார்வையைப் பற்றிய பேச்சு எதற்கு? யாரோ ஒருவர் புருவத்துக்குப் பூசிக்கொண்டு பார்வையை இழந்திருந்தாலொழிய இப்படி எழுத ஒருவருக்குத் தோன்றுமா? உங்கள் ஐயம் சரியானதே. உண்மையிலேயே அப்படி இழந்தார்கள். அது நடந்தது 1933-ஆம் ஆண்டில், அமெரிக்காவில். ஆனால் கதை அதற்கு எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, நிலக்கரித் தாரில் தொடங்குகிறது.

தாரில் பிறந்த கருமை

நிலக்கரியிலிருந்து விளக்கெரிக்கும் வாயுவை எடுத்த பிறகு எஞ்சும் கறுத்த, நாறும் குழம்பே நிலக்கரித் தார். ஐரோப்பிய நகரங்களுக்கு அது வெகுகாலம் வெறும் கழிவாகவே இருந்தது. 1856-இல் இலண்டனில் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர் கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். அது கிடைக்கவில்லை, அழகிய ஊதாச் சாயம் ஒன்று கிடைத்தது. அன்று முதல் தாருக்குப் பொன்னின் மதிப்பு வந்தது. பெர்க்கினின் ஆசிரியர் ஹாப்மன் தாரிலிருந்து பிறக்கும் சேர்மங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 1860-களில் அவர் விவரித்தவற்றுள் ஒன்றுதான் நம் கட்டுரையின் நாயகன்: பாரா-பினைலீன் டைஅமீன். பெயர் நீளமாக இருக்கிறதே என்று அஞ்ச வேண்டா. மருத்துவர்களும் சுருக்கமாகப் பி.பி.டி. என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

தூய பி.பி.டி. நிறமற்ற படிகம். காற்றுப் பட்டால் மெல்லப் பழுப்பாகும். ஹைட்ரஜன் பெராக்சைடுடன் கலந்தால் ஆக்சிஜனேற்றம் அடைந்து விரைவில் கருமையாகும். இந்தக் குணத்தைக் கண்டு, 1883-இல் பிரான்சில் மோனே நிறுவனத்தார் அதை மயிருக்குச் சாயமிடும் முறைக்கு உரிமம் பெற்றனர்.

அதற்கு முன்பும் மக்கள் நரையை மறைக்காமல் இருந்ததில்லை. மருதாணியும் அவுரியும் நம் நாட்டிலும் அரபு நாடுகளிலும் பழையவை. வெள்ளி நைட்ரேட்டு, ஈய அசிட்டேட்டு போன்ற உலோக உப்புகளையும் பூசிக்கொண்டார்கள். ஆனால் இவை பெரும்பாலும் மயிரின் மேலேயே படியும். புதிய சாயத்தின் திறமை வேறு. பி.பி.டி. மூலக்கூறு மிகச் சிறியது. அதன் மூலக்கூறு எடை 108 மட்டுமே. ஆகவே அது மயிரிழையின் செதில்களுக்கிடையே எளிதில் நுழைகிறது. உள்ளே போனபின் பெராக்சைடு அதை ஆக்சிஜனேற்றம் செய்ய, பல மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிய நிறப் பொருளாகின்றன. சன்னல் கம்பிக்கிடையே புகுந்த சிறுவன் உள்ளேயே வளர்ந்து பெரியவனாகி வெளியே வர முடியாமல் நிற்பது போன்றது இது. எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் கருமை போவதில்லை.

சிறிய உருவம், உள்ளே நுழையும் ஆற்றல், ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் அருகில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும் வேகம் ஆகிய மூன்றுமே அதன் சிறப்பு. இம்மூன்றுமே அதன் குற்றமும் ஆகும் என்பது பின்னரே தெரிந்தது. மயிரிழைக்குள் நுழைவது தோலுக்குள்ளும் நுழையுமன்றோ?

தலைச்சாயம் பரவிய சில ஆண்டுகளிலேயே முகம் வீங்கியவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் ஐரோப்பாவில் வரத் தொடங்கின. மென்மயிர்த் தோல்களுக்கு இதே சாயத்தை ஏற்றிய தொழிலாளர்களுக்குத் தோலில் கொப்புளங்கள் தோன்றின, இழுப்பும் வந்தது. அந்தத் தோலைக் கழுத்துப் பட்டையாக அணிந்த சீமாட்டிகளின் கழுத்திலும் தடிப்புகள் தோன்றின. 20-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியும் பிரான்சும் சுவீடனும் வெவ்வேறு காலங்களில் தலைச்சாயத்தில் பி.பி.டி.யைத் தடை செய்யும் அளவுக்கு இந்தத் தொல்லை முற்றியது. அந்தத் தடைகள் பிற்பாடு விலக்கப்பட்டன.

ஒருவருக்கு மட்டும் ஏன்?

மருத்துவர்களைக் குழப்பியது நோயின் கடுமை அன்று, அது ஆளைப் பார்த்து வந்ததே. ஒரே புட்டியிலிருந்து நூறு பேர் பூசிக்கொள்கிறார்கள். தொண்ணூற்றெட்டுப் பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டு பேருக்கு முகம் பூசணிக்காயாக வீங்குகிறது. நஞ்சு என்றால் எல்லாரையும் தாக்க வேண்டும். அமிலம் யார் கையிலும் புண் உண்டாக்கும். அதற்கு ஆள் பேதம் இல்லை. இது அப்படி இல்லையே!

இந்தப் புதிருக்கு முதல் திறவுகோலைக் கண்டவர் பிரெசுலௌ நகரத்துத் தோல் மருத்துவர் யோசப் யதாசோன். பாதரசக் களிம்பு பூசியதும் தோல் அழற்சி கண்ட நோயாளி ஒருவர் அவரிடம் இருந்தார். யதாசோன் அவருடைய நலமான தோலில் ஒரு சிறு இடத்தைத் தேர்ந்து, பாதரசப் பசைத் துண்டு ஒன்றை ஒட்டினார். ஒட்டிய இடத்தில் மட்டும் அதே அழற்சி தோன்றியது. மற்றவர்களுக்கு ஒட்டினால் ஒன்றும் இல்லை. ஆக, நோய் மருந்தில் மட்டும் இல்லை, ஆளின் தோலிலும் இருக்கிறது! அதுவும், பூசாத இடத்துத் தோலிலும் அந்த மாறுதல் முன்கூட்டியே காத்திருக்கிறது. 1895-இல் கிராட்சு நகரில் கூடிய ஜெர்மானியத் தோல் மருத்துவர் மாநாட்டில் அவர் இதை அறிவித்தார். இன்றும் உலகெங்கும் செய்யப்படும் ஒட்டுச் சோதனை அன்று பிறந்தது. 1906-இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் பிர்க்கே இத்தகைய மாறிய எதிர்வினைகளுக்கு 'அலர்ஜி' என்று பெயர் சூட்டினார். நாம் ஒவ்வாமை என்கிறோம்.

முதுகில் ஒரு சிறு துண்டை ஒட்டி இரண்டு நாள் காத்திருப்பது எளிய வேலை. இதற்கு நுண்பெருக்கியோ ஊசியோ வேண்டியதில்லை. ஆனால் இந்த எளிய சோதனை மருத்துவமனைக்குள்ளேயே நின்றுவிட்டது. சந்தையில் பொருள் விற்றவர்கள் அதைக் கேட்கவில்லை. கேட்கச் சொல்லும் சட்டமும் இல்லை.

டேட்டன் நகரத்துப் பெண்மணி

1930-களில் அமெரிக்க அழகு நிலையங்களில் 'லாஷ் லூர்' என்னும் சாயம் புழக்கத்துக்கு வந்தது. இமை மயிருக்கும் புருவத்துக்கும் நிலையான கருமை தரும் என்பது அதன் விளம்பரம். நாள்தோறும் மை தீட்டும் வேலை மிச்சம் அல்லவா? புட்டிக்குள் இருந்தது பி.பி.டி.

1933-ஆம் ஆண்டு மே மாதம். ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில், பள்ளியின் பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தில் முன்னின்று உழைத்த ஒரு பெண்மணிக்குப் பாராட்டு விருந்து ஏற்பாடாகியிருந்தது. விருந்துக்குச் செல்லுமுன் அவர் அழகு நிலையம் சென்றார். அங்கே இமைக்கும் புருவத்துக்கும் இந்தச் சாயத்தைப் பூசினார்கள். கண்கள் எரியத் தொடங்கின. மறுநாள் காலையில் இமைகளைத் திறக்க முடியவில்லை. முகம் வீங்கிச் சீழ் கட்டியது. கருவிழிப் படலங்கள் புண்ணாகி அழிந்தன. அவர் பார்வையை நிரந்தரமாக இழந்தார்.

அவர் ஒருவர் மட்டும் அல்லர். இதே சாயத்தால் கண் கெட்ட வேறு சிலரைப் பற்றிய குறிப்புகளும் 1933-இலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயின. பின்னர் ஒரு பெண் இறந்தும் போனார்.

'அரசு என்ன செய்தது?' என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றும் செய்ய இயலவில்லை என்பதே விடை. அப்போது நடப்பில் இருந்தது 1906-ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டம். அதில் அழகுப் பொருள் என்ற சொல்லே கிடையாது. கலப்பட மிட்டாயைப் பறிமுதல் செய்யலாம். பொய் மருந்தைப் பறிமுதல் செய்யலாம். நோயைத் தீர்க்கும் என்று சொல்லிக்கொள்ளாத ஓர் இமைச்சாயத்தைத் தொட அதிகாரம் இல்லை. கண் போனவரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புட்டி கடையில் விற்றுக்கொண்டே இருந்தது.

அந்தப் படத்தையே ஆயுதமாக்கினார்கள். உணவு, மருந்துத் துறையினர் இத்தகைய தீய பொருள்களையெல்லாம் திரட்டி ஒரு கண்காட்சி அமைத்தனர். டேட்டன் பெண்மணியின் முகம் சாயத்துக்கு முன், சாயத்துக்குப் பின் என இரு படங்களாக அங்கே தொங்கியது. செய்தியாளர்கள் அதற்குக் 'கொடுமைக் கூடம்' என்னும் பொருள்படப் பெயரிட்டார்கள். குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூசுவெல்ட்டும் வந்து பார்த்தார். அத்துறையில் பணியாற்றிய ரூத் லாம் என்ற பெண்மணி 1936-இல் இதே பெயரில் ஒரு நூலும் வெளியிட்டார்.

புதிய சட்ட வரைவு 1933-லேயே மன்றத்துக்கு வந்துவிட்டது. ஆனால் நிறைவேற ஐந்து ஆண்டுகள் பிடித்தன. மருந்து வணிகர்களும் அழகுப் பொருள் வணிகர்களும் ஒவ்வொரு பிரிவாக எதிர்த்தார்கள். கடைசியில் 1937-இல் நச்சுக் கரைப்பானில் கரைத்து விற்ற ஒரு சல்பா மருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகே தடைகள் உடைந்தன. 1938 ஜூன் 25-ஆம் நாள் ரூசுவெல்ட் கையெழுத்திட்டார். லாஷ் லூர், புதிய சட்டத்தின்படி முதலில் கைப்பற்றப்பட்ட பொருள்களுள் ஒன்று.

சட்டத்தில் இருந்த சன்னல்

இனி நீங்கள் எதிர்பார்ப்பது, பி.பி.டி. தடை செய்யப்பட்டது என்ற வாக்கியத்தை. அது நடக்கவில்லை. இமைக்கும் புருவத்துக்கும் தார்ச் சாயம் கூடாது என்றது சட்டம். தலைமயிருக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்தது. எச்சரிக்கை வாசகத்தை அச்சிட்டு, சோதிக்கும் முறையையும் எழுதி வைத்தால், தோலுக்கு ஊறு செய்யும் என்ற காரணத்தைக் காட்டி அந்தச் சாயத்தைக் கைப்பற்ற முடியாது. உலகெங்கும் தலைச்சாயம் செய்வோரிடம் இதற்கு ஈடான கரும்பொருள் அன்று வேறு இல்லை. அதை விலக்கினால் தொழிலே நின்றுவிடும் என்ற வாதம் வென்றது.

இது பொல்லாத ஏற்பாடு என்று சொல்வோர் உண்டு. நூற்றில் இருவருக்காக மற்றவர் விருப்பத்தைத் தடுக்கலாமா என்று கேட்போரும் உண்டு. என் கருத்தில், எச்சரிக்கை எச்சரிக்கையாக இருந்திருந்தால் ஏற்பாடு அவ்வளவு மோசமில்லை. யார் கண்ணிலும் படாத எழுத்தில் அதை அச்சிட்டபோதுதான் பேரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

தோல் எப்படி நினைவில் வைக்கிறது?

சட்டம் இப்படித் தள்ளாடிய அதே ஆண்டுகளில், நியூயார்க் ராக்கபெல்லர் ஆய்வுக் கழகத்தில் காரல் லாண்டுசுடைனர் கினிப்பன்றிகளுடன் அமர்ந்திருந்தார். இரத்த வகைகளைக் கண்டறிந்து 1930-இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. அவரைக் குடைந்த வினா இது: உடலின் எதிர்ப்பாற்றல் கிருமி, அயல் புரதம் போன்ற பெரிய பொருள்களைத்தான் அடையாளம் காணும். 108 எடையுள்ள ஒரு சின்னஞ்சிறு வேதிப்பொருளை அது எப்படிக் காண்கிறது?

1935-இல் அவரும் ஜேக்கப்சும் வெளியிட்ட விடை அழகானது. சிறு பொருள்கள் பலவற்றைக் கினிப்பன்றிகளின் தோலில் செலுத்திப் பார்த்தார்கள். எவை வேறு பொருளுடன் எளிதில் வேதிமுறையில் பிணைகின்றனவோ, அவையே ஒவ்வாமையை உண்டாக்கின. அதாவது வேதிப்பொருள் தனியே எதிரியாவதில்லை. நம் தோலில் உள்ள புரதத்தையே பற்றிக்கொண்டு அதன் முகத்தை மாற்றிவிடுகிறது. மாறிய முகத்தைக் கண்ட உடல், தன் வீட்டுப் பிள்ளையையே அயலான் என்று எண்ணி விரட்டுகிறது. பி.பி.டி. ஆக்சிஜனேற்றம் அடைந்து குயினோன் வகையைச் சேர்ந்த பொருளாகும்போது இப்படிப் பற்றும் வேகம் மிகுகிறது.

நம் ஊரில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. என் இளமையில் எங்கள் தெருவுக்கு வந்த சலவைத் தொழிலாளி ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் சேங்கொட்டைச் சாற்றால் குறியிடுவார். துவைத்தாலும் போகாத கறுப்பு. எங்கள் சித்தப்பா ஒருவருக்கு மட்டும் சட்டைக் குறி படும் பிடரியில் அரிப்பும் கொப்புளமும் வரும். 'எனக்குச் சேங்கொட்டை ஆகாது' என்பார். 1943-இல் இந்தியாவில் பணியிலிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கும் இதே தொல்லை வந்து, அவர்களுடைய மருத்துவர்கள் அதைக் கட்டுரையாகவே எழுதினார்கள். சேங்கொட்டைச் சாறும் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கறுக்கிறது. குயினோனாகிப் புரதத்தைப் பற்றுகிறது. துணியில் அழியாத குறியும் பிடரியில் கொப்புளமும் ஒரே வேதிவினையின் இரு முகங்கள். தலைச்சாயமும் இதற்கு நெருங்கிய உறவே.

1942-இல் லாண்டுசுடைனரும் சேசும் இன்னொரு படி ஏறினார்கள். ஒவ்வாமை கொண்ட விலங்கின் இரத்தத் தெளிநீரை மற்றொன்றுக்கு ஏற்றினால் இந்த ஒவ்வாமை போய்ச் சேரவில்லை. அதன் வெள்ளணுக்களை ஏற்றினால் சேர்ந்தது. ஆகவே நினைவு அணுக்களில் இருக்கிறது. இன்று நாம் அவற்றை டி-அணுக்கள் என்கிறோம். தோலின் மேலடுக்கில் கிளைவிட்டு நிற்கும் ஒருவகைச் செல்களை 1868-இல் பால் லாங்கர்கான்சு என்ற மாணவர் கண்டு, நரம்புச் செல்கள் என்று எண்ணினார். அவை உண்மையில் காவற்காரர்கள் என்பது 1970-களில்தான் புலப்பட்டது. முகம் மாறிய புரதத்தை எடுத்துக்கொண்டு அவை அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் செல்கின்றன. அங்கே அதற்கென்றே டி-அணுக்கள் பெருகி, உடலெங்கும் ரோந்து செல்லக் கிளம்புகின்றன. இதற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். வெளியே ஒரு குறியும் தெரியாது. அடுத்த முறை அதே பொருள் பட்டால், ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தோல் சிவந்து, தடித்து, நீர் கோக்கும்.

'பத்து ஆண்டாகப் பூசுகிறேன், ஒன்றும் ஆகவில்லை; இப்போது மட்டும் எப்படி?' என்று தோல் மருத்துவரிடம் வாதாடுவோர் பலர். பத்து ஆண்டும் தோல் பேசாமல் இருந்தது, அவ்வளவுதான். எந்தப் பூச்சின்போது அது மனப்பாடம் செய்யும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒருமுறை கற்றுவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. அது மட்டுமன்று, உருவம் ஒத்த பிற பொருள்களையும் சேர்த்து வெறுக்கத் தொடங்குகிறது: சில மரப்பு மருந்துகள், துணிக்கு ஏற்றும் சில சாயங்கள், பி.பி.டி.க்கு மாற்றாக வந்த வேறு தலைச்சாயப் பொருள்கள் என்று பட்டியல் நீளும். தோல் அழற்சிக்காக மருத்துவமனைக்கு வந்து ஒட்டுச் சோதனை செய்துகொள்வோரில் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் ஏறக்குறைய 4 விழுக்காட்டினர் பி.பி.டி. ஒவ்வாதவர்கள் என்று 2008-இல் தொகுக்கப்பட்ட கணக்கு கூறுகிறது.

மருதாணி கறுப்பதில்லை

தடை விலகிய ஐரோப்பாவில் தலைச்சாயத்தில் பி.பி.டி. அளவுக்கு உச்சவரம்பு உண்டு. முன்பு 6 விழுக்காடு. பிறகு 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆனால் எந்த வரம்புக்கும் கட்டுப்படாத ஒரு வழியில் இப்பொருள் சிறுவர்களின் தோலுக்கு வந்து சேர்ந்தது. 1990-களிலிருந்து சுற்றுலா இடங்களிலும் கடற்கரைகளிலும் 'கறுப்பு மருதாணி' என்று சொல்லிக் கையில் சித்திரம் வரைவது பரவியது. அந்தக் குழம்புகள் சிலவற்றில் 15 விழுக்காட்டுக்கு மேலும் பி.பி.டி. இருந்தது அளந்து அறியப்பட்டுள்ளது. மயிருக்கென்று வந்த பொருளை நேரே தோலில் பூசி, மணிக்கணக்கில் கழுவாமல் விட்டால் வேறென்ன ஆகும்? சித்திரம் வரைந்த கோடுகளின்படியே கொப்புளம் எழுந்த குழந்தைகள் உண்டு. ஒன்றும் ஆகாமல் தப்பிய வேறு சிலர், வளர்ந்து முதன்முறை தலைக்குச் சாயம் பூசிய நாளில் கண் மூடுமளவு முகம் வீங்கி மருத்துவமனைக்கு வந்தார்கள்.

நம் வீட்டு மருதாணி இலை செம்மையே தரும். அதன் நிறப்பொருள் ஒவ்வாமை உண்டாக்குவது மிக அரிது. மருதாணியும் அவுரியும் சேர்த்து மயிரைக் கறுப்பாக்குவது பழைய முறைதான். அதற்கு நேரம் பிடிக்கும், பொறுமையும் வேண்டும். 'மூலிகை மருதாணி' என்று பெயரிட்ட பொடி அரை மணியில் அட்டைக் கரியாக்கினால், கறுப்பு இலையிலிருந்து வந்திருக்க வழியில்லை. பொருள் பட்டியலைப் படியுங்கள்.

பொட்டலத்தின் பின்பக்கத்துக்கு மீண்டும் வருவோம். இந்தியாவில் 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் 1962-இல் திருத்தப்பட்டு அழகுப் பொருள்களையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. தலைச்சாயத்துக்கான எச்சரிக்கையை நம் விதிகள் வகுத்தபோது, 1938-இன் அமெரிக்க வாசகத்தையே ஏறத்தாழ சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டன. டேட்டன் நகரத்துப் பெண்மணியின் கண்கள் இப்படித்தான் நம் பெட்டிக் கடைச் சரத்துக்கு வந்து சேர்ந்தன. எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி.

சோதனை முறையும் அதிலேயே இருக்கிறது. காதுக்குப் பின்புறமோ முன்கையின் உட்புறமோ ஒரு சிறு இடத்தைச் சோப்பு நீரால் கழுவுங்கள். பூசுவதற்கென்று கலந்த சாயத்தில் சிறிது தடவி உலர விடுங்கள். 24 மணி நேரம் கழித்து மெல்லக் கழுவிப் பாருங்கள். சிவப்போ அரிப்போ தடிப்போ இருந்தால் அந்தச் சாயம் உங்களுக்கு ஆகாது. ஐரோப்பியப் புட்டிகளில் 48 மணி நேரம் என்றிருக்கும். எதிர்வினை தோன்ற மூன்று நாள் வரை ஆகலாம் என்று மேலே கண்டோம், ஆகவே இரண்டு நாள் பொறுப்பது நல்லது. தோல் மருத்துவரோ 1 விழுக்காடு பி.பி.டி. கலந்த வாசலினை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அதன் பிறகும் ஒருமுறை பார்ப்பார். முன்பு ஒருமுறை தலைச்சாயத்தாலோ கறுப்பு மருதாணியாலோ அரிப்பு வந்தவர்கள் வீட்டில் சோதிக்க வேண்டா. நேரே மருத்துவரிடம் செல்க.

விதியின் கடைசி வரி, இந்தச் சோதனையை ஒவ்வொரு முறை பூசுமுன்னும் செய்ய வேண்டும் என்கிறது. அது ஏன் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.